பொம்மைப் படம் போட்ட பெட்டி யாருக்கு?

"மகளுக்கா வாங்குகிறீர்கள்?" என்று பக்கத்தில் நின்ற அம்மா கேட்டார். "ஆமாம்" என்றார் சிஸ்டர். அவருக்கு இரண்டு பையன்கள்தான், மகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். பாறசாலைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் என் கடைக்குள் நுழைந்து, கண்ணிமைக்குப் பூசும் சாயமான ஐஷேடோ வைத்த, பொம்மைப் படம் போட்ட இளஞ்சிவப்புப் பெட்டி ஒன்றைத் திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி வந்ததும் முகம் வாடிவிட்டது. பெட்டியை என்னிடம் நீட்டி, "பரிசுத்தாள் சுற்றிக் கொடுங்கள் அக்கா" என்றார். தன் காசில் தனக்கென்று வாங்கிய பொருளை அவர் பரிசுத்தாளுக்குள் ஒளித்துக்கொண்டு போனார். நானும் சுற்றிக்கொடுத்தேன்.

அதே மாதத்தில் அதே போன்ற பெட்டி ஒன்றை ஓர் அப்பா தன் ஆறு வயது மகளுக்கு வாங்கிக்கொண்டு போனார். கடையில் நின்ற ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெட்டிதான் வினையானது. வளர்ந்த பெண் தன் கண்ணிமையில் பூசிக்கொள்ள ஆசைப்பட்டால் முகம் சுளிக்கிறோம். அதையே ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணிமையில் பூசப் போகிறார்கள் என்றால் சந்தோஷப்படுகிறோம். படத்தைப் பார்த்தே வயதை முடிவு செய்துவிட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, விற்ற நானும் பார்க்கவில்லை.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் பதினான்கு வருடங்களாகப் பேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். வளையல், பொட்டு, கிளிப், கண்மை, பவுடர், பிறந்தநாளுக்குக் கொடுக்கும் பொம்மைகள் எல்லாம் உண்டு. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் இஞ்சிவிளை, பாறசாலைப் பக்கத்தவர்கள். சிலர் சேச்சி என்பார்கள், சிலர் அக்கா என்பார்கள். 1956 நவம்பர் 1-இல் இந்த இடம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கடன் சொல்லிச் சாமான் வாங்குவதும் இன்றுவரை இரண்டு பக்கத்துக்கும் பொதுதான்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஒப்பனைப் பெட்டிகள் கல்ஃபிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் சாமான்களோடுதான் வரும். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். 2023 ஜூலையில் பார்பி பொம்மையை வைத்து எடுத்த ஹாலிவுட் படம் வெளியானது. அந்த ஓணத்துக்குள் எங்கள் ஊர்க் கடைகள்வரை இளஞ்சிவப்பு வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீர்ப் புட்டி, பை, கிளிப், லிப்ஸ்டிக், ஐஷேடோ எதை எடுத்தாலும் அந்த நிறம்தான். பொம்மை நிறுவனத்திடம் முறைப்படி உரிமம் வாங்கிச் செய்த பொருளும், யாரோ ஒருவர் சும்மா படத்தை அச்சடித்து ஒட்டிய பொருளும் ஒரே அட்டைப்பெட்டியில் கலந்து வந்தன. மொத்த வியாபாரியின் பில்லில் எல்லாவற்றுக்கும் சேர்த்து "பொம்மை வகை" என்று ஒரே வரி. நானும் எல்லாவற்றையும் பொம்மை அடுக்கில் வைத்தேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

அந்த அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். திருவோணத்துக்கு முந்தைய நாள் வாங்கிப் போனார். நான்காம் நாள் திரும்ப வந்து கைப்பேசியில் படத்தைக் காட்டினார். பிள்ளையின் இரண்டு இமைகளும் சிவந்து தடித்திருந்தன. விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அரிப்பு. பெட்டியில் இருந்த ஒரே பஞ்சுக் குச்சியால் மூன்று பேரும் மாறி மாறிப் பூசிக்கொண்டார்களாம். பூசிய முகத்தோடு தூங்கியும் விட்டார்கள். மார்த்தாண்டத்தில் தோல் மருத்துவரிடம் காட்டியபோது, பூசிய பொருளால் வந்த ஒவ்வாமை என்று சொல்லி, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார். ஐந்தாறு நாளில் சரியாகிவிட்டது. அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "பொம்மைப் படம் இருந்ததே சேச்சி, அதனால் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். பெட்டியின் விலையையும் மருத்துவச் செலவையும் கொடுத்துவிட்டுப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடை மூடிய பிறகு விளக்கடியில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நான் ஒட்டிய விலைச்சீட்டு இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் மிகப் பொடியான ஆங்கில எழுத்தில் "குழந்தைகளுக்கானதல்ல" என்ற பொருளில் ஒரு வரி. அதை மறைத்தது என் கையால் ஒட்டிய சீட்டு. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, பதிவு எண் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. மறுநாள் மொத்த வியாபாரியைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "விளையாட்டுச் சாமான்தானே, அதற்கெல்லாமா பார்ப்பார்கள்?" என்றார். அன்றோடு அவரிடம் வாங்குவதை நிறுத்தினேன். மிச்சமிருந்த பதினேழு பெட்டிகளைத் திருப்பி அனுப்பினேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நட்டத்தில் எழுதிவிட்டு உடைத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பார்பி 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தையில் அறிமுகமானது. அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு முன்மாதிரியாக அமைந்தது லில்லி என்ற ஜெர்மன் பொம்மை. லில்லி முதலில் ஒரு செய்தித்தாளின் சித்திரத்தொடரில் வந்த பெண். 1955-இல் பொம்மையானபோது அதைப் பெரியவர்களுக்கென்றே விற்றார்கள். பெரியவர்களின் கையில் இருந்த உருவம் அப்படித்தான் குழந்தைகளின் கைக்குப் போனது. பிறகு அது திரும்பியும் வந்தது. 2007-இல் மேக் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் பார்பி பெயரில் ஒரு வரிசையை வெளியிட்டது, 2009-இல் ஹலோ கிட்டி பெயரில் இன்னொன்றை. ஹலோ கிட்டி ஜப்பானின் சான்ரியோ நிறுவனம் 1974-இல் உருவாக்கிய உருவம். அதைப் பார்த்து வளர்ந்த முதல் பிள்ளைகள் 2009-இல் முப்பதைத் தாண்டியவர்கள், சம்பாதிக்கிறவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் அந்த விலையும் அந்த நிறங்களும் வந்தன. ஆக, சிஸ்டர் எந்தக் குழந்தையின் பொருளையும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட பெட்டி அவரைப் போன்றவருக்காகவே செய்யப்படுகிறது.

சிஸ்டரிடம் ஒரு நாள் தனியாக இருக்கும்போது இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இப்படிப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசும்போது, சின்ன வயதில் பொம்மை வாங்க வசதியில்லை, அந்த ஏக்கம்தான் இது என்று நாமாக ஒரு கதையைச் சேர்த்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவருக்கு அப்படி ஏதும் இல்லை. வீட்டில் பொம்மைகள் இருந்தன, அக்காவோடு சண்டை போட்டு விளையாடியிருக்கிறார். "அந்த நிறம் பிடித்திருந்தது அக்கா. மூடும்போது டிக் என்று ஒரு சத்தம் வருகிறதே, அதுவும் பிடித்திருந்தது. பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து கைப்பையைத் திறந்தால் ஏதோ ஒன்று அழகாக இருக்கட்டுமே" என்றார். ஒரு பெண் தனக்கு ஒரு பொருள் பிடித்திருக்கிறது என்று சொல்ல இதைவிட வேறு காரணம் எதற்கு?

ஆனால் ஊர் காரணம் கேட்கிறது. இரண்டு வருடமாக அந்த அடுக்கின் முன்னால் நின்று பேசுகிறவர்களைக் கவனித்துவருகிறேன். ஆண்கள் பெரும்பாலும் மனைவியிடம், "இது என்ன சின்னப்பிள்ளை மாதிரி" என்பார்கள். அவர்களே பையனுக்கென்று வாங்கும் ரிமோட் காரைக் கடையிலேயே கால் மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை செய்யும் பெண்கள் வாரக்கடைசியில் வருவார்கள். மகளுக்கா என்று யாராவது கேட்டால், "இல்லை, எனக்குத்தான்" என்று தலை நிமிர்ந்து சொல்வார்கள். அந்தப் பதிலைக் கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். என் மாமியாருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்த பிறகு ஒரு பெண் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்பதே தவறு என்று கேட்டு வளர்ந்தவர். அவரோடு நான் வாதாடுவதில்லை, அவர் சொல்வதைக் கடையில் சொல்வதும் இல்லை.

பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் சொன்னதுதான் என்னை மாற்றியது. ஒரு நாள் கடைக்குள் வந்தவர் அந்த அடுக்கைக் காட்டி, "இது எந்த உயரத்தில் இருக்கிறது பாருங்கள். உங்கள் இடுப்பளவு. யாருடைய கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு குனிந்து பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. பொம்மைப் படம் போட்டால் அது பிள்ளையைக் கூப்பிடத்தான் செய்யும், உள்ளே பெரியவர்களுக்கான சாயம் இருப்பது பிள்ளைக்குத் தெரியாது என்பது அவர் வாதம். அந்த விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதே மூச்சில், "வளர்ந்த பெண்கள் இதை வாங்குவதால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது, அவர்களுக்கு மனது வளரவில்லை" என்றார். அதை நான் ஏற்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் பெரியவளை அவமானப்படுத்த வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? அடுக்கை உயர்த்தி வைத்தால் போதும். உயர்த்தி வைத்தேன். இப்போது பெரியவர்களுக்கான ஒப்பனைப் பொருள், மேலே என்ன படம் இருந்தாலும், என் தோளுக்கு மேலே உள்ள தட்டில் மற்ற லிப்ஸ்டிக், காம்பாக்ட் பவுடரோடுதான் இருக்கும். கீழ்த் தட்டில் பூசும் பொருள் ஒன்றும் கிடையாது.

வாங்குகிறவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லவேண்டும். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். விலைச்சீட்டு எழுத்தை மறைத்தால் கடைக்காரரிடம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். நம் நாட்டின் 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி, அழகுக்காகவோ தோற்றத்தை மாற்றவோ உடம்பில் பூசும் பொருள் அழகுசாதனம்தான். பொம்மைக் கடையில் விற்பதால் அது பொம்மை ஆகிவிடாது. 2020-இல் வந்த அழகுசாதன விதிகளின்படி, தயாரித்தவர் பெயரும் முகவரியும், தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்கவேண்டும். உள்நாட்டுப் பொருளென்றால் உரிம எண், வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதியாளரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். இவை இல்லாத பெட்டியை நான் இப்போது கடைக்குள் விடுவதில்லை. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சிலர் அந்த முத்திரையைக் காட்டி, சாயமும் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொம்மைக்கான முத்திரையை முகத்தில் பூசும் சாயத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெரிய கடையில் வாங்கினால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2019-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பதின்ம வயதுப் பெண்களிடையே பெயர்பெற்ற கடைகளில் விற்ற சில ஒப்பனைப் பொருள்களில் புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததைக் கண்டுபிடித்து எச்சரித்தது. ஐஷேடோவிலும் காம்பாக்ட் பவுடரிலும் சேரும் டால்க், பூமிக்கடியில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் கனிமம். தோண்டும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்து சோதித்துப் பார்க்காவிட்டால் அதுவும் கூடவே வந்துவிடலாம். இங்கே பக்கத்திலேயே, கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் தொடங்கிய ஆபரேஷன் சௌந்தர்யா சோதனைகளில் அனுமதித்த அளவுக்கு மிக அதிகமாகப் பாதரசம் கலந்த பொருள்கள் பிடிபட்டன. நம் விதிகளில் அழகுசாதனச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல், ஆர்சனிக் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. முகவரியே இல்லாத பெட்டியில் இதையெல்லாம் யார் சோதித்திருப்பார்கள்?

பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவர்கள் உண்டு. இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது. பிள்ளையின் எடைக்குத் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். உதட்டில் பூசியதை நக்கும், கையில் பட்டதை வாயில் வைக்கும். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு மேக்கப் போடவே மாட்டோம் என்று சொல்ல முடியாது. பள்ளி ஆண்டுவிழா, கலோத்சவம் என்ற கேரளப் பள்ளிக் கலைவிழா, நடன அரங்கேற்றம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். புரட்டாசியில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகம் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் போகும்போது எங்கள் ஊர் வழியாகத்தான் ஊர்வலம் போகும், அன்றைக்குத் தெருவெல்லாம் அலங்காரம் செய்த பிள்ளைகள்தான். போடுங்கள், ஆனால் இரண்டு நாள் முன்பே முழங்கை மடிப்பில் துளி தடவிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பஞ்சு வையுங்கள், பள்ளியில் பொதுவாக ஒரே குச்சியால் கண்மை இழுத்தால் தடுத்துச் சொல்லுங்கள். கைவினை வேலைக்கு விற்கும் மினுமினுப்புத் தூளைக் கண்ணருகே போடவே கூடாது, அதன் துகள் கருவிழியின் மேற்பரப்பைக் கீறிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்து, தண்ணீரில் கழுவிய பிறகே தூங்கவிடுங்கள். கண்ணுக்குள் போனால் எண்ணெய் வைக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். வீக்கம் இருந்தால் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். என்ன பூசினீர்கள் என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

விளையாட்டு ஆசைக்குப் பூசும் சாயமே வேண்டாம். சீப்பு, கண்ணாடி, வளையல், ஒட்டும் பொட்டு இவற்றோடு உண்மையான சாயம் இல்லாத பாவனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றைத்தான் இப்போது பிறந்தநாளுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். பிள்ளைகள் பூசாமலே பூசியது போல விளையாடுவதில் கெட்டிக்காரர்கள்.

கடையில் நான் கேட்கும் கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். முன்பு "மகளுக்கா?" என்று நானே கேட்டிருக்கிறேன், அந்த வார்த்தையிலேயே பதில் ஒளிந்திருக்கிறது. இப்போது, "யார் பூசிக்கொள்ளப் போகிறார்கள்?" என்று கேட்கிறேன். தனக்கு என்று சொன்னால் நிறத்தைக் கையில் தடவிக் காட்டுகிறேன். பிள்ளைக்கு என்றால் கீழ்த் தட்டைக் காட்டுகிறேன். உதவிக்கு நிற்கும் பெண்ணிடமும், எதை யார் எடுத்தாலும் வயதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டியின் பின்பக்கம் திறந்த டப்பாப் படத்துக்குள் 12எம், 24எம் என்று எண் இருக்கும், திறந்த பிறகு அத்தனை மாதம்தான் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். எப்போது திறந்தோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் பொருளைக் கொடுக்கும்போதே அழியாத பேனாவால் தேதியை எழுதிக் கொடுக்கிறேன்.

சிஸ்டரிடம் முதலில் விற்ற பெட்டியையும் அப்போதே திருப்பி வாங்கிக்கொண்டு, எல்லா விவரமும் சரியாக இருந்த வேறொன்றை, அதுவும் பொம்மைப் படம் போட்டதுதான், மாற்றிக் கொடுத்திருந்தேன். சென்ற மாதம் அதைக் கொண்டுவந்தார். கைப்பைக்குள் உரசி உரசிப் பொம்மையின் முகம் தேய்ந்துவிட்டிருந்தது. நடுவிலிருந்த நிறம் தீர்ந்து தகரம் தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன், 12எம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நான் எழுதிய தேதி அழியாமல் இருந்தது. காலம் எப்போதோ கடந்துவிட்டது. மிச்சத்தைப் பூசவேண்டாம் என்றேன். "கண்ணாடி நன்றாக இருக்கிறதே, பெட்டியை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். சாயத்தைச் சுரண்டி எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அதே நிறம் வேண்டும் என்றார். அது வரவில்லை. அதற்குப் பக்கத்து நிறத்தை எடுத்து அவர் மணிக்கட்டில் தடவினேன். கடையில் அப்போது நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். "எனக்குத்தான் அக்கா, கொஞ்சம் அழுத்தமாகத் தடவிக் காட்டுங்கள்" என்றார்.